வாழப்பாடி டு பாண்டி: இரண்டு நாள், ஐந்து பேர்... பர்ஸும் வயிறும் வாடாமல் சாப்பிடலாம் வாங்க!

போன வருடம் மே மாதம் பாண்டிச்சேரி போய்விட்டுத் திரும்பியபோது, பஸ் விழுப்புரம் தாண்டும் வரை அப்பா யாரிடமும் பேசவில்லை.

காரணம், ஒரு பில். ஐந்து பேர், ஒரு மதியச் சாப்பாடு, 4,860 ரூபாய். மொட்டை மாடியில் உட்கார்ந்தால் கடல் தெரியும் என்பதற்காகப் போன இடம் அது. தம்பி பாஸ்தா கேட்டான். ஆயா ரசம் சாதம் கேட்டார், கிடைக்கவில்லை. ஏதோ ஒரு சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'கடலோர ஊருக்கு வந்துட்டு மீன் சாப்பிடாம போறதா?' என்று அம்மா வஞ்சிரம் வறுவல் சொன்னார். வந்த துண்டு சக்கையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்கு வரும் ஏரிக் கெண்டையே இதற்குத் தேவலாம் என்று அம்மா சொன்னதும், அப்பாவின் முகம் இன்னும் இறுகியது.

வாழப்பாடியில் இருந்து கடல் பார்க்கக் கிளம்புகிற குடும்பங்களுக்குப் பெரும்பாலும் பாண்டிச்சேரிதான் முதல் தேர்வு. சுமார் 180 கிலோமீட்டர். ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று பஸ் மாறினாலும் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ('பாண்டி போறேன்' என்று சொன்னால் நம் ஊரில் ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, 'எதுக்கு?' என்பார்கள். சாப்பிடத்தான் என்றால் ஒருவரும் நம்புவதில்லை!) ஆனால், போய்வந்த பலரிடம் 'என்ன சாப்பிட்டீங்க?' என்று கேட்டால், பிரியாணி, ஃபிரைடு ரைஸ், பீட்சா என்று சேலம் பஸ் ஸ்டாண்டிலேயே கிடைக்கிற பட்டியல்தான் வருகிறது.

இந்த பிப்ரவரியில் மறுபடியும் போனோம். இரண்டு பகல், ஒரு இரவு. அதே ஐந்து பேர். கிளம்பும் முன்பே அம்மா ஒரு கண்டிஷன் போட்டுவிட்டார். "போட்டோ எடுக்கிற இடத்துல போட்டோ மட்டும் எடுப்போம் கண்ணு. சாப்பாடு வேற எடத்துல."

மே மாதம் ஏன் மீன் சரியில்லை?

போன வருடத்துச் சக்கை மீனுக்கு ஓட்டலை மட்டும் குறை சொல்ல முடியாது. நாங்கள் போன மாதமே தப்பு.

தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நம் பிள்ளைகளின் முழு ஆண்டு விடுமுறையும் சரியாக அதே நாள்களில்தான் வருகிறது. ஊரே கடலோரத்துக்குப் படையெடுக்கும் நேரத்தில் பெரிய படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். அப்போது தட்டில் விழும் பெரிய மீன், வேறு கடற்கரையில் இருந்து ஐஸ் பெட்டியில் வந்ததாகவோ, நாள் கணக்கில் ஐஸில் கிடந்ததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தத் தடை நாட்டுப்படகுகளுக்கும் ஃபைபர் படகுகளுக்கும் கிடையாது. அவை கரைக்குப் பக்கத்திலேயே பிடித்து வரும் சின்ன மீன்கள் அப்போதும் ஃப்ரெஷ்ஷாகக் கிடைக்கும். ஆகவே மே மாதம்தான் லீவு கிடைக்கிறது என்றால், வஞ்சிரத்தை மறந்துவிட்டுச் சின்ன மீனைக் கேளுங்கள். தேதியை மாற்ற முடிந்தவர்களுக்கு ஜனவரியில் இருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை நல்ல நேரம். வெயிலும் குறைவு.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

பாண்டிச்சேரி வரைபடத்தைப் பார்த்தால் நடுவில் வடக்கு தெற்காக ஒரு கோடு போகும். பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே, கடல் பக்கம் இருப்பது ரீல்ஸில் வருகிற பாண்டி: மஞ்சள் சுவர், காகிதப்பூ, கஃபே. மேற்கே இருப்பது தமிழர் பகுதி. திண்ணை வைத்த வீடுகள், துணிக்கடை, பாத்திரக்கடை, மெஸ், மார்க்கெட். பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் பிரிவு இது. இன்றைக்கும் சுற்றுலா வருபவர்கள் பாதிப் பேர் வாய்க்காலைத் தாண்டாமலேயே ஊர் திரும்புகிறார்கள்.

நாங்கள் முதலில் போனது பெரிய மார்க்கெட்டுக்கு. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் முதல் முதல்வரான எதுவார் குபேரின் பெயரில் குபேர் அங்காடி என்பார்கள். பூக்கடை, காய்கறி, மளிகை என்று சந்து சந்தாக நுழைந்து போனால் மீன் பகுதி வரும். மூக்குக்கு முன்னாலேயே காதுக்குத் தெரிந்துவிடும், அவ்வளவு சத்தம். விற்பது முழுக்கப் பெண்கள்.

அம்மா ஒரு கடையில் குனிந்து சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா, எந்த ஊரு?"

"சேலம் பக்கம், வாழப்பாடிங்க."

"அங்க கடல் ஏது?"

"ஏரி மீனு, டேம் மீனுதாங்க. ஆனைமடுவு டேம்ல எப்பனாச்சும் பெருசா வரும்."

"எங்க தங்கியிருக்கீங்க?"

"லாட்ஜுலங்க."

"லாட்ஜா! அப்ப எதுக்கு மீனைப் பாக்குற?" என்று அந்த அக்கா சிரித்துவிட்டார். பிறகு அவரே சொன்னார்: "எல்லாரும் வஞ்சிரம், வஞ்சிரம்னே கேக்குறாங்க. அது காசுக்காரன் மீனும்மா. கொழம்புன்னா சங்கரா, கிழங்கான். வறுத்துத் திங்க காரப்பொடி. என்கிட்ட தினம் மீனு எடுக்குற மெஸ் ஒண்ணு இருக்கு, அங்க போய்ச் சாப்புடு."

இந்தப் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த உருப்படியான டிப்ஸ் இதுதான். ஆன்லைனில் நட்சத்திர ரேட்டிங் பார்ப்பதைவிட, மீன் விற்பவரிடம் 'உங்ககிட்ட எந்த மெஸ் மீன் வாங்குது?' என்று கேட்டுவிடுங்கள். எந்தக் கடைக்கு அன்றைக்குக் காலையில் என்ன மீன் போனது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு சந்துக்குள் இருந்தது அந்த மெஸ். ஏழெட்டு மேஜைகள், வாழை இலை. மதியம் ஒரு மணிக்கெல்லாம் நிற்க இடம் இல்லை. சங்கரா மீன் குழம்பு, காரப்பொடி வறுவல், ஒரு தட்டு சுறாப்புட்டு, ஆயாவுக்கு ரசம். கேட்காமலே இரண்டாவது முறையும் ரசம் வந்தது. மொத்தம் 1,340 ரூபாய். அப்பா பில்லை இரண்டு முறை பார்த்தார், ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று.

ஒரு எச்சரிக்கை. மெஸ்ஸில் சாப்பாட்டுக்கு விலை போர்டில் இருக்கும். வறுவல் மீனுக்குப் பல இடங்களில் இருக்காது. 'சைஸ் பார்த்து' என்பார்கள். தட்டில் எடுத்துக் காட்டும்போதே விலையைக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, உள்ளூர்க்காரர்களும் கேட்டுத்தான் சாப்பிடுகிறார்கள்.

வடகம், பாரிஸுக்குப் போன கதை

அந்தக் குழம்பில் ஒரு வாசம் இருந்தது. வெந்தயமா, வெங்காயமா என்று அம்மாவால் பிடிக்க முடியவில்லை. பரிமாறியவரிடம் கேட்டதற்கு, "வடகம்மா" என்றார்.

சேலம் பக்கம் வடகம் என்றால் எண்ணெயில் பொரித்துச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்வது. பாண்டி, கடலூர், விழுப்புரம் பக்கம் வடகம் என்றால் தாளிப்பு. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்து, கோடை வெயிலில் நாள் கணக்கில் காயவைப்பார்கள். கறுத்து, கெட்டியாகி, வருடம் முழுக்கக் கெடாமல் இருக்கும். குழம்பு கொதித்து இறக்கும்போது கொஞ்சம் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

இந்த உருண்டையைப் பிரெஞ்சுக்காரர்களும் விடவில்லை. தங்கள் ஊர் வெங்காயத்தைப் போட்டுச் செய்து, 'வாதுவான்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். வடகம்தான் அவர்கள் வாயில் வாதுவான் ஆனது. இன்றைக்குப் பாரிஸிலும் நியூயார்க்கிலும் பெரிய ஓட்டல் சமையல்காரர்கள் அதைச் சின்ன பாட்டிலில் வைத்துக்கொண்டு மீன் மேலும் காலிஃபிளவர் மேலும் தூவுகிறார்கள். கூகுளில் தேடிப் பாருங்கள், விலையைப் பார்த்தால் நம் பாட்டிகள் மொட்டை மாடியில் காயவைத்தது தங்கமோ என்று தோன்றும்.

பாண்டியின் தனிச் சமையலே இப்படிக் கொடுக்கல் வாங்கலில் பிறந்ததுதான். 17-ம் நூற்றாண்டில் வந்த பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தது 1954 நவம்பர் 1-ல். சட்டப்படியான கைமாற்றம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அத்தனை காலமும் பிரெஞ்சு வீடுகளின் அடுப்படியில் நின்றது தமிழ்ச் சமையல்காரர்கள். பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில், விற்காமல் போன முள் மீன்களைப் போட்டு மீனவர்கள் காய்ச்சிய 'பூயாபேஸ்' என்ற மீன் ரசம் இங்கே வந்து மஞ்சள் பூசிக்கொண்டது. போர்ச்சுக்கீசியர்களிடம் இருந்து கோவாவில் 'விந்தாலு' ஆன வினிகர்-பூண்டு கறிக்கு இங்கேயும் ஒரு தங்கை உண்டு. பிரெஞ்சு அரசு வேலைக்காகவும் பட்டாளத்துக்காகவும் சைகோன் போன பாண்டித் தமிழர்கள் திரும்பி வந்தபோது வியட்நாம் ரோலையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். சைனீஸ் கடை 'ஸ்பிரிங் ரோல்' என்று நினைத்து அதை ஒதுக்கிவிடாதீர்கள். உள்ளே இருப்பது ஒரு குடும்பத்தின் கப்பல் பயணம்.

இந்தச் சமையலை 'கிரியோல்' என்கிறார்கள். இதில்தான் ஒரு வருத்தமும் இருக்கிறது. இது ஓட்டல் சமையலாக வளரவே இல்லை. வீட்டுக்குள் இருந்த சமையல். அந்த வீடுகளின் பிள்ளைகள் பலர் பிரான்ஸில் குடியேறிவிட்டார்கள். லூர்து திருவாஞ்சியம்-லூயி போன்றவர்கள் குடும்பத்துச் சமையல் குறிப்புகளைத் திரட்டிப் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால், புத்தகத்தில் இருப்பதும் தட்டில் இருப்பதும் ஒன்றல்லவே. மஞ்சள் சுவர் ஓட்டல்களில் பீட்சாவுக்கு வரிசை நிற்கும்போது, இந்த ஊரே கண்டுபிடித்த குழம்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே என் கருத்து இது: இரண்டு நாளில் ஒரே ஒரு வேளை கையைவிட்டுச் செலவு செய்யுங்கள். அந்த ஒரு வேளையைப் பாஸ்தாவுக்குக் கொடுக்காதீர்கள். பாஸ்தா இப்போது ஆத்தூரிலேயே கிடைக்கிறது. தமிழர் பகுதியில் பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றியவர்கள் இருக்கிறார்கள். பெருமாள் கோயில் வீதியின் 'மெசோன் பெருமாள்' ஓர் உதாரணம். இப்படிப்பட்ட இடங்கள் விலை கூடுதல்தான். முந்தைய நாளே போன் செய்து, 'கிரியோல் வகை என்ன இருக்கிறது, அளவு எவ்வளவு, விலை என்ன?' என்று கேட்டுக்கொண்டு போனால் அதிர்ச்சி இருக்காது.

நாங்களும் அப்படி ஒரு பழைய வீட்டு ஓட்டலுக்கு இரவில் போனோம். அப்பா வாசலிலேயே நின்றார். "மறுபடியுமா?" என்றார். ஐந்து பேருக்கு இரண்டே வகைதான் சொன்னோம்: மீன் பூயாபேஸ், தேங்காய்ப்பால் ஊற்றிய இறால். நடுவில் வைத்துப் பங்கு போட்டுக்கொண்டோம். பூயாபேஸை ஒரு வாய் வைத்த அப்பா, "ரசத்துக்கும் கொழம்புக்கும் பொறந்தது மாதிரி இருக்கு" என்றார். அது பாராட்டா என்று உடனே தெரியவில்லை. கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டபோது தெரிந்தது.

ஒரே இடத்தில் உட்காராதீர்கள்

ஸ்பெயினின் வடக்குக் கடற்கரையில் சான் செபாஸ்டியன் என்று ஒரு நகரம். சாப்பாட்டுக்காகவே உலகம் முழுக்க இருந்து அங்கே போகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் மாலை ஆனால் ஒரே ஓட்டலில் உட்கார்ந்து வயிற்றை ரொப்புவதில்லை. 'பின்ச்சோ' என்று ரொட்டித் துண்டு மேல் மீனோ முட்டையோ வைத்துக் குச்சி குத்திய ஒரு வாய்ப் பலகாரம். ஒரு கடையில் ஒன்று, நடந்து போய் அடுத்த கடையில் ஒன்று. எந்தக் கடையில் எது விசேஷமோ அதை மட்டும் சாப்பிடுவார்கள்.

பாண்டியையும் இப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று தோன்றியது. ஊர் சின்னது, நடந்தே முடித்துவிடலாம். காலையில் பேக்கரியில் சூடான நீள பிரெஞ்சு ரொட்டி ஒன்று வாங்கி ஐந்து பேரும் பிய்த்துக்கொண்டோம். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. (ஆயா பல் செட்டைக் காரணம் காட்டி உள்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.) நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ் காபி, யான் மார்ட்டெலின் 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையில் வரும் இடம் இதுதான். முல்லா வீதிப் பக்கம் போனால் பிரியாணி வாசம் இழுக்கும். சைவக்காரர்கள் அரவிந்தர் ஆசிரமத்தின் உணவுக்கூடத்தில் சாப்பிடலாம். எளிமையான சாப்பாடு, காரம் கிடையாது. முன்கூட்டியே சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்காமல் போய் நிற்காதீர்கள்.

மாலை ஆறு மணியில் இருந்து மறுநாள் காலை ஏழரை வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. சாலை முழுக்க மனிதர்கள்தான். சின்னக் குழந்தைகளைக் கைவிட்டு ஓடவிடலாம். சுண்டலும் மாங்காய்க் கீற்றும் வாங்கிக்கொண்டு காந்தி சிலைக்கும் பழைய கலங்கரை விளக்கத்துக்கும் அருகில் உட்கார்ந்தால் இரவுச் சாப்பாட்டில் பாதி முடிந்துவிடும். கடல் பார்த்துக்கொண்டு சாப்பிட மொட்டை மாடி எதற்கு?

கிறிஸ்துமஸ் நேரத்தில் போகிறவர்கள் பேக்கரிகளில் 'விவிக்கம்' கேக் இருக்கிறதா என்று கேளுங்கள். மைதாவுக்குப் பதில் ரவை போட்டு, வெண்ணெய், முட்டை, முந்திரி, ஊறவைத்த உலர் பழங்கள் சேர்த்துச் செய்வது. பழம் ஊறுவது பெரும்பாலும் ரம்மில். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

'பார் அட்டாச்டு' ஓட்டல்கள் நிறைய உண்டு. போர்டில் 'ஃபேமிலி ரெஸ்டாரன்ட்' என்று இருந்தாலும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குடும்பத்தை அழைத்துப் போவது நல்லது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை!

அந்த பில்லில் என்னதான் இருந்தது?

பத்திரமாக வைத்திருந்த போன வருடத்து பில்லை இந்த முறை எடுத்துப் பார்த்தேன். சாப்பாட்டின் விலை, 5 சதவிகித ஜி.எஸ்.டி., அதோடு 'சர்வீஸ் சார்ஜ்' என்று 10 சதவிகிதம். ஜி.எஸ்.டி. அரசாங்க வரி, கட்டித்தான் ஆக வேண்டும். சர்வீஸ் சார்ஜ் வரி அல்ல. அதை ஓட்டல்கள் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

எனவே பில்லில் அந்த வரி இருந்தால், 'இதை எடுத்துடுங்க' என்று சொல்லலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பரிமாறியவருக்கு ஏதாவது கொடுக்க விரும்பினால் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். இதை அப்பாவிடம் சொன்னேன். "போன வருஷமே இதைச் சொல்றதுக்கென்ன?" என்றார். போன வருடம் எனக்கே தெரியாதே!

பையில் எட்டு உருண்டை

கிளம்பும் நாள் காலையில் அம்மா மறுபடியும் பெரிய மார்க்கெட்டுக்குப் போனார். மீன் வாங்க அல்ல. மளிகைக் கடையில் வடகம் எட்டு உருண்டை. கடைக்காரர் மூன்று சுற்று தாளில் சுற்றிக் கொடுத்தும், பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போலத் தெருவுக்கு வந்த ஏரிக் கெண்டையை வாங்கிக் குழம்பு வைத்து, கடைசியில் வடகத்தைத் தாளித்துக் கொட்டினார் அம்மா. நம் வசிஷ்ட நதி வெள்ளாற்றில் கலந்து, பாண்டிக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. அந்தப் பக்கத்து வாசம் முதல் முறையாக எதிர்த்திசையில் எங்கள் வீட்டுக்கு வந்தது. பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு மேல் எட்டி, "என்ன கண்ணு தாளிக்கிறீங்க?" என்றார். ஓர் உருண்டை அங்கே போனது.

இப்போது மூன்று பாக்கி இருக்கிறது. ஏப்ரல் 15-க்கு முன்னால் இன்னொரு தடவை போய்வந்துவிடலாம் என்கிறார் அப்பா.